கிட்டங்கி வாசலில் ஒரு ஒயர் நாற்காலி

நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற யோகம் எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் வாய்த்தது. அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் தரையில் சம்மணம் போட்டே போய்விட்டது. விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் யாரும் ஆஸ்பத்திரியை நினைக்க மாட்டார்கள், வெடிமருந்தைத்தான் நினைப்பார்கள். கடைசி இரண்டு வருஷமாக என் முழங்கால்கள் மடக்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது என்று அடம்பிடிக்க ஆரம்பித்தன. டாக்டர் "இனிமே தரையில உட்காரக் கூடாதும்மா" என்றார். ஒரு வரியில் என் பிழைப்பு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் சாத்தூர் போகிற சாலையில் இருக்கிற பட்டாளத்துக் கட்டடத்தை அருங்காட்சியகம் ஆக்குகிறார்கள், கூட்டிப் பெருக்கி வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கட்டடத்தைக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே நடந்து போகிற பட்டாளம் தங்கிப் போகக் கட்டியது. சிப்பாய்கள் படுக்க நீளமாக ஒரு கூடம், கரி பிடித்த சமையல்கட்டு, இரண்டிலிருந்தும் தள்ளித் தனிச் சுற்றுச்சுவருக்குள் ஜன்னலே இல்லாமல் ஒரு சின்னக் கட்டடம். பட்டாளம் போன பிறகு அந்த இடத்துக்கு வராத அரசாங்கச் சாமான் இல்லை. தார் டின் வந்தது, ரேஷன் மூட்டை வந்தது, பிடிபட்ட மோட்டார் சைக்கிள்கள் வந்து துருப்பிடித்தன. கடைசியில் ஆடுகள் வந்தன. ஆடுகள்தான் கட்டடத்துக்கு எந்தக் கெடுதலும் செய்யாதவை என்று மேடம் பிற்பாடு சொன்னார்.

மேடம் என்பது அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக வந்த அதிகாரி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருந்தால் அதிகம். என்னைப் பார்த்ததும் "உட்காருங்கக்கா" என்று ஒரு நாற்காலியைக் காட்டினார். இரும்புக் கால், பச்சை ஒயர் பின்னல். நான் பழக்கதோஷத்தில் அதைத் தூக்கி, வாசல் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மேடம் அதைக் கவனித்தார்.

அந்தப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மருந்து அறையில் வேலை பார்க்கிறவள் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மேன் சொல்லித் தருவது மருந்தின் அளவை இல்லை, ஓடுகிற வழியை. கண் கையில் இருக்கும், மனசு வாசலில் இருக்கும். கம்பெனிக்கு வெளியேயும் அது விடாது. கல்யாண வீட்டுப் பந்தியில் நான் கடைசி வரிசையில் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன். பஸ்ஸில் படிக்குப் பக்கத்து சீட். சொந்த வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட நிலைப்படிக்கு எதிரேதான். என் வீட்டுக்காரர் சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். "நம்ம வீட்டுல வெடிக்கிறதுக்கு உன் வாயைத் தவிர வேற என்னட்டி இருக்கு" என்று கேட்பார்.

"திறப்பு விழா வரைக்கும் வந்து பாருங்கக்கா. எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு நிரந்தரம் பண்றேன்" என்றார் மேடம். போகும்போது அந்த நாற்காலியைக் காட்டி, "அது இனிமே உங்களோடது" என்றார்.

சிரிக்கக் கூடாது. ஆட்சியைப் பிடித்தவன்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். முழங்காலைத் தொங்கப் போட்டு, ஃபேனுக்குக் கீழே, உயிர்ப் பயம் இல்லாமல் ஒரு வேலை. அந்த நாற்காலி எனக்கு நிலைக்க வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனுக்கு அன்றைக்கே வேண்டிக்கொண்டேன்.

முதல் வாரத்தில் மேடம் அந்தத் தனிக் கட்டடத்தைத் திறந்து காட்டினார். "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றார். எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை. சுவர் என் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ அவ்வளவு தடிப்பு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. கதவில் அடித்த ஆணி எல்லாம் செம்பு, கீல் செம்பு, கைப்பிடிக்கு மேலே ஒரு பித்தளைக் குமிழ். இரும்பு என்று ஒரு துண்டுகூட இல்லை. இரும்போடு இரும்பு உரசினால் பொறி வரும். பொறி வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

"மருந்துக் கிட்டங்கி" என்றேன். கிடங்குக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது.

இதைக் கட்டினவன் எந்த தேசத்துக்காரனோ, யாரைச் சுடுவதற்காக இந்த மருந்தைச் சேர்த்தானோ தெரியாது. ஆனால் அவனுக்கும் எங்களுக்கு இருக்கிற அதே பயம் இருந்திருக்கிறது. அது எனக்கு வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. சுற்றுச்சுவர் எதற்கு என்று மேடம் புத்தகத்தில் படித்து வைத்திருந்தார். நான் கம்பெனியில் பார்த்து வைத்திருந்தேன். ஒரு அறை போனாலும் அடுத்த அறை தப்பிக்க வேண்டும். பதில் ஒன்றுதான்.

அடுத்த நாளே யாரும் சொல்லாமல் கிட்டங்கி வாசலில் ஒரு டிரம்மில் தண்ணீரும், இரண்டு வாளியில் மணலும் நிரப்பி வைத்தேன். மேடம் பார்த்துவிட்டு, "எதுக்குக்கா?" என்றார். "கிடக்கட்டும் மேடம்" என்றேன். செடிக்கு ஊற்றத்தான் என்று நினைத்துக்கொண்டார் போல.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. நீளக் கூடத்தில் பெட்டி பெட்டியாகச் சாமான் வந்து சேர்ந்தது. உழவில் கிடைத்த பீரங்கிக் குண்டு, துருப்பிடித்த வாள், பழைய தீப்பெட்டி லேபிள், கந்தகம் அரைத்த கல் உரல் என்று ஊரில் இருக்கிறவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். எம். புதுப்பட்டிக்காரர் ஒருவர் தன் தாத்தாவின் பட்டாளத்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அது பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவருக்கு வணக்கம் சொல்வேன். உட்கார்ந்தபடியே வணக்கம் சொல்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.

கிட்டங்கிக்குள் மாட்டுவதற்காக மேடம் பன்னிரண்டு பெரிய அட்டைகள் செய்திருந்தார். பட்டாளம் எந்த வழியாக வந்தது, என்ன சாப்பிட்டது, எப்படிச் செத்தது என்று படமும் எழுத்துமாக. ராத்திரி பகலாகக் கண் விழித்து அவரே எழுதியது. அச்சடிக்க மட்டும் மதுரைக்குக் கொடுத்துவிட்டார். சிவகாசியை விட்டுவிட்டு அச்சுக்கு மதுரைக்குப் போவார்களா, கொல்லன் தெருவை விட்டு ஊசிக்கு அலைந்த கதையாக இருக்கிறதே என்று எனக்கு அப்போதே மனசில் பட்டது. புது ஆள், அவருக்குத் தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முதல் நாள். தீபாவளி முடிந்து, சீசன் ஓய்ந்து, கம்பெனிகளுக்கெல்லாம் லீவு விட்டிருந்த வாரம். கிட்டங்கிக்குள் பன்னிரண்டு அட்டையும் சுவரோரம் சாத்தி வைத்திருந்தது. எலக்ட்ரீசியன்கள் இரண்டு பேர் டிரில்லிங் மெஷினை எடுத்துக்கொண்டு சுவரில் ஓட்டை போட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். மேடம் அழைப்பிதழ் விஷயமாக விருதுநகர் போயிருந்தார். நான் மூலையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தரையில் பாவிய கல் ஒன்று ஆடியது. என்னடா இது என்று நகர்த்தினேன். அடியில் கருகருவென்று, பளபளப்பாக, உள்ளங்கை நிறைய அள்ளுகிற அளவுக்கு ஒரு தூள்.

அதே நொடியில் பின்னால் டிரில்லிங் மெஷின் 'கிர்'ரென்றது.

அதற்குப் பிறகு நடந்ததில் நான் யோசித்துச் செய்தது ஒன்றுமே இல்லை. "வெளிய ஓடுங்கலே!" என்று நான் போட்ட சத்தத்தில் எலக்ட்ரீசியன்கள் இரண்டு பேரும் மெஷினைக் கையில் பிடித்தபடியே சுற்றுச்சுவருக்கு வெளியே போய் நின்றார்கள். மெயினை அணைத்தேன். அவர்கள் செல்போனைப் பிடுங்கித் தூரப் போட்டேன். அப்புறம் டிரம்மில் இருந்த தண்ணீரை வாளி வாளியாக மொண்டு கிட்டங்கிக்குள் வீசினேன். தரை, மூலை, சுவர், கதவு என்று ஒன்றையும் விடவில்லை. முழங்கால் வலித்ததா என்று கேட்டால் ஞாபகம் இல்லை. டிரம் காலியானதும் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் ஹோஸ் மாட்டி அதையும் பீய்ச்சினேன். எங்கள் கம்பெனியில் ஒரே சட்டம்தான்: சந்தேகம் வந்தால் முதலில் தண்ணீர், அப்புறம் யோசனை. யோசித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றியவர்களின் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது.

மேடம் வந்தபோது கிட்டங்கி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. நான் வாசலில் கையை விரித்து நின்று யாரையும் உள்ளே விடவில்லை. "உள்ள பழைய மருந்து இருக்கு மேடம். பட்டாளத்து மருந்து. தீயணைப்புக்காரங்க வர்ற வரைக்கும் ஒரு ஆளும் போகக் கூடாது" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. மனசுக்குள் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன். ஒரு சரித்திரக் கட்டடத்தையே காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

கூட்டத்தில் எங்கள் கேட்டுக்கு எதிரே தள்ளுவண்டி போட்டிருக்கிற இஸ்திரிக்காரரும் இருந்தார். அவர் ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, "யக்கா, கோவிச்சுக்காதீக" என்றார். "அது எங்கன இருந்துச்சு? வலது மூலையிலயா?"

"ஆமா."

"அது என் கரிக்கா."

விஷயம் இதுதான். கட்டடம் சும்மா கிடந்த காலத்தில் அவர் இஸ்திரிப் பெட்டிக்குப் போடுகிற சிரட்டைக்கரி மூட்டைகளை அங்கேதான் வருஷக்கணக்கில் அடுக்கி வைத்திருக்கிறார். அப்போது இருந்த வாட்ச்மேனின் காக்கிச் சட்டைக்கு ஓசியில் இஸ்திரி, இவருக்கு ஓசியில் கிட்டங்கி. மூட்டையிலிருந்து உதிர்ந்த தூள் கல் இடுக்கில் இறங்கி இருக்கிறது. அவரே உள்ளே போய் ஈரத்தில் ஒரு சிட்டிகை எடுத்துவந்து என் கையில் வைத்தார். விரலில் தேய்த்தேன், மோந்தேன். கந்தகமும் இல்லை, உப்பும் இல்லை. கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்தால்தான் மருந்து. ஒத்தைக் கரி வெறும் கரிதான். இருபத்தெட்டு வருஷம் இதிலேயே கிடந்தவள், கரி எது மருந்து எது என்று பார்த்ததும் சொல்ல வேண்டியவள். எனக்கு வந்த வெட்கம் இருக்கிறதே, தரையில் இன்னொரு கல் ஆடினால் அதற்குக் கீழே போயிருப்பேன்.

மேடம் கிட்டங்கிக்குள் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். பன்னிரண்டு அட்டையும் நீலமும் சிவப்புமாக அழுதுகொண்டிருந்தன. பட்டாளம் வந்த வழி எல்லாம் ஓடிப்போய்த் தரையில் தேங்கி நின்றது. எங்கள் ஊர் ஆப்செட் மையாக இருந்தால் மழையில் போட்டாலும் அசையாது. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. மேடம் ஓர் அட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டிய மையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"நாளைக்கு விழா முடியட்டும்க்கா. அப்புறம் பேசலாம்" என்றார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நானே. சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சொல்லுவாக. உன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் மருந்து" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். பிறகு, "நாற்காலி போனாப் போகுது, விடு" என்றார். "அதைச் சொல்லாதீக" என்று கத்தினேன். என்னால் விட முடியவில்லை. திரும்பக் கம்பெனிக்குப் போகக் காலும் இல்லை, போக ஆசையும் இல்லை. இரண்டு மாதம் பயமில்லாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். தெரியாமலே இருந்திருந்தால் பரவாயில்லை.

மறுநாள் காலையில் போனபோது மேடம் எனக்கு முன்னாடியே வந்திருந்தார். கிட்டங்கியைப் பூட்டிவிடலாம், கேட்டால் பராமரிப்பு வேலை என்று சொல்லிவிடலாம் என்றார். ஈரம் காயட்டும் என்று கதவை இரவெல்லாம் திறந்தே வைத்திருந்தோம். இப்போது நான் சாத்தினேன், சாத்த வரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். மரம் தண்ணீரில் ஊறிப் பருத்து, நிலைக்குள் அடங்க மாட்டேன் என்றது. அதுவும் நான் ஊற்றிய தண்ணீர்தான். மேடம் கண்ணை மூடித் திறந்தார். "சரி, நீங்க இங்கேயே நில்லுங்க. யாரும் இந்தப் பக்கம் வராம பார்த்துக்கோங்க. கலெக்டர் வந்தா கூடத்தோட அனுப்பிடலாம்" என்றார். நாற்காலி கூடத்திலேயே இருந்தது. நான் நின்றேன்.

யாரும் வராமல் பார்த்துக்கொள்வதாவது. கம்பெனி லீவு, வேறு வேலை இல்லை, இலவசமாக ஒரு இடம் திறக்கிறார்கள். பத்து மணிக்குள் விஸ்வநத்தம், புதுப்பட்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் ஜனம் வந்துவிட்டது. கூடத்தில் ஒரே சத்தம். வாளைத் தொட்டுப் பார்க்கிறார்கள், பீரங்கிக் குண்டைத் தூக்கிப் பார்க்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். மேடம் "தொடாதீங்க, தொடாதீங்க" என்று தொண்டை கட்டிப்போனார். அது முடிந்ததும் அந்தக் கூட்டம் அப்படியே கிட்டங்கிப் பக்கம் திரும்பியது. சுற்றுச்சுவர் வாசலில் 'வெடிமருந்துக் கிடங்கு' என்று பெரிய எழுத்தில் பலகை இருந்தது. அதைக் கழற்ற நேற்று யாருக்கும் தோன்றவில்லை.

பலகையைப் படித்ததும் சத்தம் அடங்கிவிட்டது.

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வரிசையாக விட்டார்கள். செல்போனை அணைத்து மணல் வாளிக்குப் பக்கத்தில் இருந்த அட்டைப் பெட்டியில் போட்டார்கள். பெண்கள் தலையில் இருந்த ஹேர்பின்னையும் முந்தானையில் குத்திய ஊக்கையும் எடுத்து முடிந்துகொண்டார்கள். கம்பெனியில் உள்ளே நுழையும் முன் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். இங்கே தகடு இல்லை. அவர்கள் கதவில் இருந்த பித்தளைக் குமிழில் கையை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நாலு பேர் போனதும் ஐந்தாவது ஆள் தானாக நின்றார். உள்ளே போனவர்கள் வந்ததும் அடுத்த நாலு பேர். வரிசை சுற்றுச்சுவரைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் போனது.

உள்ளே ஒன்றுமே இல்லை, அழிந்த அட்டைகளை முந்தின நாளே எடுத்துவிட்டோம். ஈரச் சுவர், ஈரத் தரை. போனவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கதவின் ஆணியைத் தடவிப் பார்த்தார்கள், தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். ஒருவரும் "இதுல என்ன இருக்கு?" என்று கேட்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் என் பழைய அறைக்காரிகள் மூன்று பேரும் வந்தார்கள். கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேர் என்பது சட்டம். நாங்கள் நாலு பேரும் பத்து வருஷம் ஒரே அறை. அதில் மூத்தவள் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள், அவள் ரகசியம் பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மற்ற இரண்டு பேரும் அக்காள் தங்கச்சி. அதில் தங்கச்சிக்காரி விழா என்று மினுமினுக்கிற நைலான் சேலை கட்டி வந்திருந்தாள். மருந்து அறைக்கு நூல் சேலைதான் ஆகும், நைலான் உரசினால் ஆபத்து. அவள் கிட்டங்கி வாசலுக்கு வந்ததும் சேலையைப் பார்த்துக்கொண்டு, "யக்கா, இதோட உள்ள போலாமா?" என்று நிஜமாகவே கேட்டாள்.

"போ, போ. உள்ள கரிகூட இல்ல, எல்லாத்தையும் கழுவிட்டேன்" என்றேன்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். நாலாவதாக நின்றவர் காலெடுத்து வைக்கப் போனார். மூத்தவள் உள்ளே இருந்தே கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். "அண்ணே, இது எங்க அறை. நாலாவது ஆள் அங்கன நிக்கா பாருங்க. ஏ மதினி, என்ன வேடிக்கை பாக்க? வா!"

நான் செருப்பை விட்டேன். குமிழில் கையை வைத்தேன். உள்ளே போனேன்.

மருந்து அறைக்குள் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக நின்றது அதுதான் முதல் தடவை. பத்து வருஷமும் உட்கார்ந்தேதான் இருந்திருக்கிறோம், ஆளுக்கொரு மூலை, கையில் வேலை, கண் நிமிராமல். இப்போது கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒருத்தி இடுப்பில் வைத்தாள், ஒருத்தி கட்டிக்கொண்டாள். அக்காள்காரி "ஏட்டி, நீ இம்புட்டு உசரமா?" என்று தங்கச்சியைக் கேட்டாள். கூடப் பிறந்தவளைக் கேட்கிற கேள்வியா அது. எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடித்த சுவர், ஜன்னல் இல்லை, சிரிப்பு வெளியே போக இடமில்லாமல் எங்களைச் சுற்றியே வந்தது. அதைக் கேட்டு இன்னும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அது சிரிப்பில் வந்ததா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் தட்டியது. வெள்ளைச் சட்டை, பின்னால் நாலைந்து அதிகாரிகள், எல்லாருக்கும் பின்னால் மேடத்தின் வெளுத்த முகம். கலெக்டர். வரிசையைப் பார்த்துவிட்டு, இங்கே என்ன என்று கேட்டு அவரே வந்துவிட்டார்.

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மூத்தவளுக்கு ஒட்டவில்லை. "சார், நாலு பேர் உள்ள இருக்கோம். செத்த நில்லுங்க, வந்துருதோம்" என்றாள்.

மேடம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். கலெக்டர் நின்றார். தலையைத் திருப்பி அந்த வரிசையைப் பார்த்தார், செருப்புகளைப் பார்த்தார், பெட்டியில் கிடந்த செல்போன்களைப் பார்த்தார். நாங்கள் வெளியே வந்ததும் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். போனை எடுத்துப் பெட்டியில் போட்டார். வரிசையில் முன்னால் நின்றவர் காட்டியபடி தானும் குமிழைத் தொட்டார். இரண்டு அதிகாரிகள் கூடப் போனார்கள். நாலாவதாக அவருடைய பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரர் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலெடுத்து வைத்தார். இடுப்பில் துப்பாக்கி.

என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. "துப்பாக்கி உள்ள வரக் கூடாது சார்" என்றேன்.

பட்டாளத்துக் கட்டடத்தில் போய்த் துப்பாக்கி வரக் கூடாது என்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். போலீஸ்காரர் கலெக்டரைப் பார்த்தார். கலெக்டர் "வெளியவே இருங்க" என்றார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, "நாலாவது ஆளா நீங்க வாங்கம்மா. இது என்னன்னு சொல்லுங்க" என்றார். செம்பு ஆணியைக் காட்டினேன். வெளிப்பக்கம் திறக்கிற கதவைக் காட்டினேன். கட்டினவனுக்குப் பயம் தெரிந்திருக்கிறது சார் என்றேன். அவர் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். வாசலில் நின்ற மேடத்திடம், "இங்கே மட்டும் எதுவும் மாட்டலையா?" என்று கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இடுக்கில் இன்னும் கொஞ்சம் நீல மை தேங்கி இருந்தது.

"இந்த அறையைச் சும்மா விட்டிருக்கோம் சார்" என்றார் மேடம்.

விழா முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் பேச வருவார் என்று கூடத்தில் காத்திருந்தேன், நின்றுகொண்டுதான். அவர் என்னிடம் வரவில்லை. நேரே போய் அந்த ஒயர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிட்டங்கிப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். கதவுக்குப் பக்கத்தில், வருகிறவர்களைப் பார்க்கிற மாதிரி போட்டார். "உங்க இடம் இதுதான். நிரந்தரமா" என்றார். அப்புறம், "பன்னிரண்டு அட்டைக்கா" என்றார். "தெரியும் மேடம்" என்றேன். "மறுபடி எழுதிக் கூடத்துல மாட்டிக்கிறேன். இந்தத் தடவை சிவகாசியிலேயே கொடுத்துடலாம்" என்றார். அப்பாடா, ஒரு விஷயம் நேரானது.

ஆனால் நாற்காலிக்கு இரும்புக் கால். கிட்டங்கி வாசலில், கல் தரையில், இரும்புக் காலை இழுத்தால் என்ன ஆவது என்று எனக்குத் தாங்கவில்லை. சொன்னேன். "அக்கா, உள்ள மருந்து இல்ல" என்றார் மேடம், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. தெரியும்தான். தெரிந்து என்ன. மறுநாள் வீட்டுக்காரரின் பழைய ஹவாய்ச் செருப்பை அறுத்து நாற்காலியின் நாலு காலுக்கும் ரப்பர் போட்டேன். இஸ்திரிக்காரர் ஓட்டை போட்டு ஒயரில் கட்டிக் கொடுத்தார். கரிக்குப் பிராயச்சித்தம் என்றார்.

இப்போது கதவு காய்ந்து ஒழுங்காகச் சாத்துகிறது. பித்தளைக் குமிழ் ஆள் ஆளாகத் தொட்டுத் தங்கம் மாதிரி ஆகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் வந்தால் எதற்கு இத்தனை சட்டம் என்று கேட்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்க மாட்டார்கள்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம் கூட்டம் இல்லை. வெயில், வேப்பமரக் காற்று, சாப்பிட்ட சோறு. கண்ணைத் திறந்தபோது எதிரே மேடம் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "நல்ல தூக்கம் போல, எழுப்ப மனசு வரல" என்றார். இல்லை மேடம், சும்மா கண்ணை மூடியிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம்தான் நான் உட்கார்ந்திருந்த இடம் எனக்கே உறைத்தது.

"ஆமா மேடம், தூங்கிட்டேன்" என்றேன். மருந்துக் கிட்டங்கி வாசலில், அந்த வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அரை மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.